மானியம் நீங்கினால் உற்பத்தியாளரும் நட்டமடைவார் என்கிறது வரைபடம். கூப்பன் அரிசி நின்ற பிறகு இலங்கையில் நெல் ஏன் கூடுதலாக விளைந்தது?

கேள்வி: நிலவொளி (உயர்தர மாணவி, வவுனியா)

அனைவருக்கும் வணக்கம். உயர்தர வகுப்பில் பொருளியல் படிக்கிறேன். மானியம் பற்றிய அலகில் ஓரிடத்தில் பல நாட்களாகத் தடக்கி நிற்பதால் இங்கே கேட்கிறேன்.

எங்கள் பாடக்குறிப்பின்படி, அரசாங்கம் ஒரு பண்டத்தின் ஒவ்வோர் அலகுக்கும் இவ்வளவு என்று மானியம் கொடுத்தால் நிரம்பல் வளையி (ஒவ்வொரு விலையிலும் விற்க முன்வரும் அளவைக் காட்டும் கோடு) வலப்புறமாக நகரும். நுகர்வோர் கொடுக்கும் விலை குறையும். உற்பத்தியாளர் கைக்கு வரும் விலை கூடும். எனவே நுகர்வோர் மிகையும் (கொடுக்கத் தயாராக இருந்ததை விடக் குறைவாகக் கொடுப்பதால் வரும் நன்மை) உற்பத்தியாளர் மிகையும் (ஏற்கத் தயாராக இருந்ததை விடக் கூடுதலாகப் பெறுவதால் வரும் நன்மை) சேர்ந்தே பெருகும். ஆனால் திறைசேரி செலவழிக்கும் தொகை அந்த இரண்டு பெருக்கங்களின் கூட்டுத்தொகையை விடப் பெரிது. மிஞ்சி நிற்கும் சிறிய முக்கோணமே சமூகத்தின் நலன் இழப்பு. மானியத்தை நீக்கினால் இவை எல்லாம் தலைகீழாகும் என்றும், நுகர்வோரும் உற்பத்தியாளரும் இழப்பார்கள் என்றும், அவர்கள் இழப்பதை விடத் திறைசேரி மிச்சப்படுத்துவது அதிகம் என்பதால் நாட்டுக்கு மொத்தத்தில் நன்மையே என்றும் குறிப்பு முடிகிறது.

இதை எங்கள் நாட்டு வரலாற்றோடு பொருத்திப் பார்க்க விரும்பினேன். அரசாங்கம் மலிவாகவோ இலவசமாகவோ பங்கிட்டுக் கொடுத்த அரிசிக்கான கூப்பன் புத்தகத்தைப் பற்றியும் சங்கக் கடை (கூட்டுறவுக் கடை) வரிசையைப் பற்றியும் அம்மம்மா அடிக்கடி சொல்வார். 1979இல் அந்தக் கூப்பன் நின்று, உணவு முத்திரை வந்தது. வரைபடம் சொல்வது சரியென்றால் அதன் பிறகு நெல் விவசாயி நட்டப்பட்டிருக்க வேண்டும். விளைச்சல் குறைந்திருக்க வேண்டும். ஆனால் 1977இல் ஏறத்தாழ 16.8 இலட்சம் தொன்னாக இருந்த நெல் உற்பத்தி 1980இல் 21 இலட்சம் தொன்னைத் தாண்டியிருக்கிறது. அப்படியானால் வரைபடம் பிழையா, அல்லது நான் அதைப் பொருத்திய முறை பிழையா? அம்மம்மா போன்றவர்கள் இழந்ததும் திறைசேரி மிச்சம் பிடித்ததும் ஒரே அளவா? அந்த முக்கோணம் உண்மையில் யாருடைய கைக்குப் போனது? தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

பதில் 1: பழைய கரும்பலகை (ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர்)

அன்புள்ள மகளுக்கு,

வரைபடம் பிழையல்ல. அது வேறொரு வகை மானியத்துக்கு வரையப்பட்ட படம். கூப்பன் அரிசி எந்த வகையைச் சேர்ந்தது என்று முதலில் பார்த்துவிட்டால் உங்கள் கேள்விகளில் பாதி தானாகவே அவிழ்ந்துவிடும். வகுப்பில் பல ஆண்டுகள் நானும் இந்த வேறுபாட்டைப் போதுமான அளவு அழுத்திச் சொல்லாமல் கடந்திருக்கிறேன் என்பதால் இப்போது விரிவாகவே எழுதுகிறேன்.

பங்கீடு 1942இல், உலகப் போரின் நடுவில், பர்மா யப்பானிடம் வீழ்ந்து அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது தொடங்கியது. ஒவ்வோர் ஆளுக்கும் வாரத்துக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தார்கள். போர் முடிந்தும் அது நீங்கவில்லை. மலிவு அரிசி குடிமக்களின் உரிமையாகவே வேரூன்றியது. 1953 வரவுசெலவுத் திட்டத்தில் நிதி அமைச்சராக இருந்த ஜே. ஆர். ஜயவர்தன ஒரு கொத்து (ஏறத்தாழ இரண்டு இறாத்தல்) அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடு தழுவிய ஹர்த்தால் வெடித்தது; பிரதமர் டட்லி சேனநாயக்க சில வாரங்களில் பதவி விலகினார். அதே டட்லி மீண்டும் பிரதமராக இருந்த 1966இல் வேறு வழியைக் கையாண்டார். வாரத்துக்கு இரண்டு கொத்து என்பதை ஒரு கொத்தாகக் குறைத்தார். ஆனால் அந்த ஒரு கொத்தை இலவசமாக்கினார். 1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் இரண்டாவது கொத்தை விலைக்குக் கொடுத்தது. உலகச் சந்தையில் தானிய விலை பாய்ந்தேறிய 1973இலும் 1974இலும் பங்கீட்டை வெட்டியது. 1978 ஜனவரியில், மாத வருமானம் 300 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு மட்டும் என்று கூப்பன் அரிசி சுருக்கப்பட்டது. 1979 செப்டெம்பரில் அதுவும் போய், ரூபாய்ப் பெறுமதி அச்சிட்ட உணவு முத்திரை வந்தது.

உங்கள் வரைபடத்தில் மானியம் ஒவ்வோர் அலகுக்கும் கிடைக்கிறது; எவ்வளவு கூட வாங்கினாலும் மலிவு விலைதான். அதனால்தான் மக்கள் தங்கள் தேவைக்கு மேலும் வாங்குகிறார்கள். அந்த மிகையான பகுதியில்தான் முக்கோணம் பிறக்கிறது. கூப்பனில் அப்படி இல்லை. கிடைப்பது ஒரு கொத்துத்தான். சோறே பிரதான உணவாக உள்ள வீட்டில் ஒருவருக்கு ஒரு வாரத்துக்கு அது போதாது. மீதியை வெளிச் சந்தையில் முழு விலைக்கு வாங்க வேண்டும். இன்னும் ஒரு கொத்து வாங்குவதா வேண்டாமா என்று அந்த வீட்டுக்காரி யோசிக்கும்போது அவர் கண்முன் நிற்பது வெளிச் சந்தை விலை, கூப்பன் விலையல்ல.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். விலையை நானே கணக்குக்காக வைக்கிறேன். வெளிச் சந்தையில் ஒரு கொத்து 3 ரூபாய். வீட்டில் ஆறு பேர். வாரம் 12 கொத்துத் தேவை. ஆறு கொத்து இலவசமாகக் கிடைக்கிறது. அந்த வீட்டுக்கு ஒவ்வொரு வாரமும் 18 ரூபாயைக் காசாகக் கையில் கொடுத்ததற்கும் இதற்கும் ஏறக்குறைய வேறுபாடு இல்லை. கூப்பனை நிறுத்தினால் அந்த வீடு 18 ரூபாய் இழக்கும். திறைசேரி 18 ரூபாய் மிச்சம் பிடிக்கும். ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்குப் போவது அது. நடுவில் முக்கோணம் இல்லை, அல்லது கவனிக்கத் தேவையில்லாத அளவுக்குச் சிறியது. ஆகவே கூப்பனை நீக்கியதால் வினைத்திறன் பெருகியது என்று சொல்வோர், குறைந்தது நுகர்வோர் பக்கத்தில், எங்கிருந்து அந்தப் பெருக்கம் வந்தது என்று காட்டக் கடமைப்பட்டவர்கள். நிர்வாகச் செலவு, இறந்தவர் பெயரிலும் ஓடிய கூப்பன்கள், அந்நியச் செலாவணி நெருக்கடி ஆகியவற்றைச் சுட்டிக்காட்டலாம்; அவை உண்மையான செலவுகள்தாம். பாடநூல் முக்கோணத்தை மட்டும் காட்டினால் அது காரணமாகாது.

இனி உற்பத்தியாளர். உங்கள் வரைபடத்தில் மானியம் பெறும் பண்டம் முழுவதும் உள்ளூரில் விளைகிறது. கூப்பன் அரிசியிலோ பெரும் பங்கு கப்பலில் வந்தது. அரசாங்கமே இறக்குமதி செய்தது, அரசாங்கமே மலிவாகக் கொடுத்தது. சங்கக் கடையில் மலிவு அரிசியும் மலிவுக் கோதுமை மாவும் கிடைக்கக் கிடைக்க, நாட்டு விவசாயியின் அரிசிக்கான கேள்வி (மக்கள் வாங்க விரும்பும் அளவு) அந்த அளவு சுருங்கியது. அதாவது இந்த மானியம் உற்பத்தியாளரின் விலையை உயர்த்தவில்லை, கீழே இழுத்தது. நீங்கள் நகர்த்த வேண்டியது நிரம்பல் வளையியை அல்ல. உள்ளூர் அரிசிக்கான கேள்வி வளையியை. பங்கீடு இருந்தபோது அது இடப்புறம் தள்ளப்பட்டிருந்தது. நீங்கியபோது வலப்புறம் நகர்ந்தது. கூப்பனை இழந்த ஏழைக் குடும்பத்தின் வாங்கும் சக்தி குறைந்ததால் அந்த நகர்வு முழுமையாக இருக்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

விவசாயிக்கு ஆதரவாக இருந்தது, அரசாங்கம் முன்கூட்டியே அறிவித்த விலைக்கு நெல்லை வாங்கிய உத்தரவாத விலைத் திட்டம். அதுவும் எல்லா ஆண்டுகளிலும் மானியமாக இருக்கவில்லை. உலக விலை தாழ்ந்திருந்த ஆண்டுகளில் உத்தரவாத விலை இறக்குமதி விலையை விட மேலே நின்றது, விவசாயி பயன்பெற்றார். 1970களின் முற்பகுதியில் உலக விலை ஏறியபோது நிலைமை புரண்டது. 1971இல் அமைக்கப்பட்ட நெல் சந்தைப்படுத்தும் சபைக்கே நெல்லை விற்க வேண்டும் என்ற நிலை வந்தது. அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகவும் தடை இருந்தது. வீதிகளில் மறித்துச் சோதித்தார்கள். நகரத்தின் மலிவு அரிசிக்கான செலவில் ஒரு பங்கை, வரி என்ற பெயர் இல்லாமலேயே, விவசாயி சுமந்த காலம் அது.

1977க்குப் பிறகு அந்தச் சுமை இறங்கியது. ரூபாயின் பெறுமதி குறைக்கப்பட்டு, டொலர் ஏறத்தாழ 8 ரூபாயிலிருந்து 16 ரூபாய்க்குப் போனது. இறக்குமதி அரிசி ரூபாய்க் கணக்கில் இரு மடங்கு விலையானது. நெல்லின் உத்தரவாத விலை புசலுக்கு 33 ரூபாயிலிருந்து 40 ரூபாயாக உயர்ந்தது. போக்குவரத்துத் தடை போனது. 1962 முதல் இருந்த உர மானியத்தை மட்டும் நீக்கவில்லை. இத்தனையும் ஒன்றுசேர்ந்தே விளைச்சலைக் கூட்டின. எனவே 1980இன் 21 இலட்சம் தொன்னைக் கூப்பன் நீக்கத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிடாதீர்கள். நுகர்வோர் மானியம் நீங்கியதையும் நாணயப் பெறுமதி இறங்கியதையும் பிரித்தறிவது எளிதல்ல.

கடைசியாக, அம்மம்மாவின் இழப்பு. முத்திரை தொடங்கியபோது 8 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாதம் 25 ரூபாய், 8 முதல் 12 வயது வரை 20 ரூபாய், அதற்கு மேற்பட்டவர்களுக்கு 15 ரூபாய் என்று வைத்தார்கள். பெரியவர்கள் மூவரும், பத்து வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகளும் உள்ள வீட்டுக்கு 90 ரூபாய். தொடக்கத்தில் இது இழந்த பங்கீட்டுக்கு ஓரளவு ஈடாகவே இருந்தது. ஆனால் அந்த ரூபாய்த் தொகையை விலைவாசியோடு சேர்த்து உயர்த்தவில்லை. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 1980இல் 26 சதவீதமும் 1981இல் 18 சதவீதமும் ஏறியது. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: இரண்டே ஆண்டில் 90 ரூபாய் முத்திரை முன்னைய 60 ரூபாய்க்குரிய பொருளையே வாங்கியது. அரிசியாகக் கொடுத்தபோது, 1973, 1974இல் போல வெளிப்படையாக வெட்டாதவரை, விலை எவ்வளவு ஏறினாலும் ஒரு கொத்து ஒரு கொத்தாகவே இருந்தது; விலை ஏற்றத்தின் ஆபத்தை அரசாங்கம் தாங்கியது. ரூபாயாக மாற்றியதும் அந்த ஆபத்து அடுப்படிக்கு இடம்மாறியது. என் பார்வையில் 1979இன் மிகப் பெரிய நலன் மாற்றம் இதுதான். எந்த வரைபடத்திலும் இது தெரியாது.

பதில் 2: கரைச்சியான்

ஆசிரியர் ஐயா சொன்னதோடு நான் உடன்படுகிறேன். ஆனால் "உற்பத்தியாளர்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பதைக் கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து கொஞ்சம் பிரித்துக் காட்ட விரும்புகிறேன்.

எங்கள் குடும்பம் இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்த குடும்பம். நெல் விலை ஏறினால் வயல்காரர் எல்லோரும் மகிழ்வார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பது வழக்கம். பத்து ஏக்கர் வைத்திருந்தவர்களுக்கு அது பொருந்தும். இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருந்தவர்கள் காலபோக (பெரும்போக) அறுவடை முடிந்த கையோடு உழவுக் கூலிக்கும் உரத்துக்கும் பட்ட கடனை அடைக்க நெல்லை விற்றுவிடுவார்கள். அந்த நேரத்தில்தான் விலை ஆகக் குறைவு. மழை பொய்த்துச் சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் இல்லையென்றால், ஐப்பசி கார்த்திகை மாதங்களில் அதே குடும்பம் அரிசியைக் கடையில் வாங்கும். அப்போது விலை உச்சத்தில் இருக்கும். ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் அவர் விற்றவரா, வாங்கியவரா என்பது அந்த ஆண்டின் மழையைப் பொறுத்தது. மானியம் நீங்கி விலை கூடினால் அவருக்கு லாபமா நட்டமா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. வாரம் ஒரு கொத்துக் கூப்பன் அரிசி, இப்படிப்பட்ட குடும்பத்துக்குப் பஞ்ச மாதங்களில் ஒரு காப்புறுதியாக இருந்தது. அது போனதை எங்கள் அப்பா எப்போதும் ஒரு பின்னடைவாகவே நினைத்தார். அவரும் நெல் விளைவித்தவர்தான்.

நிலமில்லாதவர்களின் நிலை வேறு. அருவி வெட்டுக்கு (அறுவடைக்கு) கூலியை நெல்லாக வாங்கியவர்கள் விலை ஏற்றத்திலிருந்து ஓரளவு தப்பினார்கள். காசாக வாங்கியவர்கள் தப்பவில்லை. கூலி விலையைத் துரத்திக்கொண்டு பின்னால்தான் வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் 1977ஐப் பற்றிப் பேசினால் முதலில் நினைவுக்கு வருவது நெல் அல்ல, செத்தல் மிளகாயும் வெங்காயமும். சிறிமாவோ ஆட்சியில் இவற்றின் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்ததால் விலை உச்சத்துக்குப் போனது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்கள் கிணற்றுக்கு நீரிறைக்கும் இயந்திரம் வைத்தார்கள், கல்வீடு கட்டினார்கள். படித்த இளைஞர்கள் விசுவமடு போன்ற குடியேற்றத் திட்டங்களுக்கு வந்து மிளகாய் பயிரிட்டு முன்னேறினார்கள். அதே காலத்தில் தெற்கில் உள்ள நுகர்வோருக்கு மிளகாய் எட்டாக் கனியாக இருந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. 1977இன் இறுதியில் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அந்த விலை சரிந்தது. பலர் தோட்டத்தையே விட்டார்கள்.

தங்கச்சி, இதை நான் இழுத்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. கூப்பன் நிறுத்தப்பட்டது நுகர்வோர் மானியத்தின் நீக்கம். மிளகாய் இறக்குமதி திறக்கப்பட்டது உற்பத்தியாளர் பாதுகாப்பின் நீக்கம். இரண்டும் இரண்டு ஆண்டுகளுக்குள் நடந்ததால் பலர் இரண்டையும் "மானியம் போனது" என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறார்கள். முதலாவது நெல்காரருக்குக் கைகொடுத்தது, ஏழை நுகர்வோரை வருத்தியது. இரண்டாவது மிளகாய்த் தோட்டக்காரரை வீழ்த்தியது, நுகர்வோருக்குக் கைகொடுத்தது. விடைத்தாளில் இந்த இரண்டையும் தனித்தனியாக எழுதினால் யாருக்கு எதனால் என்ன ஆனது என்பது குழம்பாது.

பதில் 3: லயத்துப் பேத்தி

மேலே உள்ள இரண்டு பதில்களிலும் விற்பவரும் வாங்குபவரும் வருகிறார்கள். ஓர் அரிசி மணியைக்கூட விளைவிக்க நிலமில்லாமல், முழுவதையும் வாங்கியே உண்ட மக்களைப் பற்றியும் ஒரு பதில் இருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நான் மலையகத்தில், தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள்.

தோட்டத் தொழிலாளி உற்பத்தியாளர்தான். ஆனால் அவர் விளைவிப்பது தேயிலை, உண்பது அரிசியும் கோதுமை மாவும். நெல் விலை ஏறினால் அவருக்கு ஒரு சதம் வரவும் இல்லை. வரைபடத்தில் அவர் முழுக்க முழுக்க நுகர்வோர் பக்கத்தில் நிற்கிறார். குடியுரிமை இல்லாதவர்களாக ஆக்கப்பட்டிருந்த காலத்திலும் அரிசிப் பங்கீடு தோட்ட மக்களுக்குக் கிடைத்தது. அரசிடமிருந்து அவர்களுக்கு வந்த மிகச் சில உரிமைகளில் அது ஒன்று.

மானியம் நீங்கினால் என்ன ஆகும் என்பதை அறிய 1979 வரை காத்திருக்கத் தேவையில்லை. 1973இலும் 1974இலும் பங்கீடு வெட்டப்பட்டதே ஒரு பகுதி நீக்கம்தான். கிராமத்தவருக்குக் குரக்கனோ, மரவள்ளியோ, ஒரு பலா மரமோ இருந்தது. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) அதற்கு இடமில்லை. அந்த ஆண்டுகளில் தோட்டப் பகுதிகளில் இறப்பு வீதம் நாட்டின் மற்றப் பகுதிகளை விட மிகக் கூர்மையாக ஏறியது. குழந்தைகளும் முதியவர்களும் போனார்கள். என் பாட்டி அந்தக் காலத்தைப் பற்றிப் பேச விரும்பமாட்டார். மாவு ரொட்டியை எத்தனை துண்டாகப் பிய்த்தார்கள் என்பதை மட்டும் சொல்வார். "நுகர்வோர் மிகை குறைந்தது" என்று எழுதும்போது அது சில வீடுகளில் இந்த வடிவத்தில்தான் குறைந்தது என்பதைத் தங்கச்சி நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். மிகை என்பது காசால் அளக்கப்படுகிறது. பசியின் எல்லையில் நிற்பவருக்கு ஒரு ரூபாயும் வசதி உள்ளவருக்கு ஒரு ரூபாயும் அங்கே ஒரே உயரம்.

உணவு முத்திரைக்கு வருவோம். வருமானம் 300 ரூபாய்க்கு உட்பட்டதா என்பதைப் பெரும்பாலானோர் தாமே எழுதிக் கொடுத்தார்கள். வயலிலோ சிறு வியாபாரத்திலோ வரும் வருமானத்தை யாரும் அளந்து பார்க்க முடியாது. தோட்டத் தொழிலாளியின் சம்பளமோ செக்ரோலில் (தோட்டத்தின் வேலைப் பதிவேட்டில்) நாள் கணக்கில் பதிவாகியிருந்தது. அதோடு ஒரு வீட்டில் கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளை என்று மூன்று பேர் கொழுந்து பறிக்கவும் மலை வேலைக்கும் போனார்கள். மூவரின் சம்பளத்தையும் கூட்டினால் எல்லையைத் தாண்டும். ஆளுக்குப் பகிர்ந்து பார்த்தால் கிராமத்து ஏழையை விட மேலாக இருக்காது. இப்படித் தோட்டங்களில் பலர் முத்திரைக்கு வெளியே விடப்பட்டார்கள். 1980இல் புதிய பதிவுகளும் நிறுத்தப்பட்டன; அதன் பிறகு வேலை இழந்தவருக்கும் பிறந்த குழந்தைக்கும் கதவு மூடியிருந்தது. எல்லோருக்கும் கொடுத்தபோது வசதியானவரும் வாங்கினார் என்பது உண்மை. ஏழைக்கு மட்டும் என்று மாற்றியபோது, ஏழை என்று நிறுவ முடிந்தவருக்கே போனது.

இன்னொரு கோணமும் உண்டு. மலிவு அரிசி இருந்தவரை தொழிலாளி குறைந்த சம்பளத்தில் உயிர்வாழ முடிந்தது. ஆகவே அந்த மானியத்தின் ஒரு பங்கு, தொழிலாளியின் தட்டு வழியாகச் சென்று, சம்பளம் கொடுத்தவரின் கணக்கில் லாபமாகச் சேர்ந்தது என்று நான் நினைக்கிறேன். மானியம் போன பிறகு அதற்கேற்பச் சம்பளம் உயர்கிறதா என்பதே நுகர்வோரின் இழப்பைத் தீர்மானிக்கும். அது சந்தையில் தானாக நடப்பதல்ல, வேலைநிறுத்தங்களால் நடப்பது.

நிலவொளி (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா எழுதியதை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தார்.

ஐயா, இன்னும் இரண்டு ஐயங்கள். பரீட்சையில் "உணவு மானிய நீக்கத்தின் நலன் விளைவுகளை வரைபடத்துடன் விளக்குக" என்று வந்தால் பாடநூல் முக்கோணத்தை வரையாமல் விடுவது எனக்குப் பாதகமாகாதா? மற்றது, அரசாங்கம் மிச்சப்படுத்திய காசு ஏழைகளின் இழப்பை விட அதிகம் என்றால், அதைக் கொண்டு அவர்களுக்கு ஈடு கொடுத்திருக்கலாம்தானே? அப்படி ஏன் நடக்கவில்லை?

பதில் 4: பழைய கரும்பலகை

மகள், பாடநூல் முக்கோணத்தை வரையுங்கள். ஆனால் அது எந்த மானியத்துக்குரியது என்று ஒரு வரியில் எழுதிவிடுங்கள். எங்கள் நாட்டில் அதற்கு நல்ல உதாரணம் உர மானியம். அந்தக் காலத்தில் விவசாயி எத்தனை மூடை வாங்கினாலும் ஒவ்வொரு மூடைக்கும் அது கிடைத்தது. உற்பத்திச் செலவு குறைந்து நிரம்பல் வளையி நகர்ந்தது. அது 1990இல் நீக்கப்பட்டு 1994இல் மீண்டும் வந்தது. நீக்கினால் உற்பத்தியாளர் இழப்பார் என்ற கூற்று அங்கே நேராகப் பொருந்தும்.

அடுத்ததாக, இறக்குமதியாகும் உணவுக்கு இன்னொரு படம் வரையுங்கள். உலக விலையைக் கிடைக்கோடாகப் போடுங்கள். நுகர்வோருக்கு மட்டும் அதற்குக் கீழே ஒரு விலை. உற்பத்தியாளர் உலக விலையையே பெறுகிறார் என்றால், மானியம் நீங்கும்போது நுகர்வோர் இழப்பார், திறைசேரி மிச்சம் பிடிக்கும், இறக்குமதி குறையும், உற்பத்தியாளருக்கு எதுவும் ஆகாது. இலங்கையில் உற்பத்தியாளர் விலையும் மலிவு இறக்குமதியால் அமுக்கப்பட்டிருந்ததால் அவருக்கு நன்மை வந்தது. கூப்பனுக்கு மூன்றாவது படம்: அளவு அச்சில் பங்கீட்டு அளவைக் குறித்து, சந்தை விலை வரை ஒரு செவ்வகம். அந்தச் செவ்வகமே குடும்பத்தின் இழப்பு, அதுவே திறைசேரியின் மிச்சம். முக்கோணம் எங்கே என்று பரீட்சகர் தேடமாட்டார். தேடினாலும் விளக்கம் உங்களிடம் இருக்கிறது.

ஈடு கொடுப்பது பற்றிய கேள்வி இதைவிடக் கடினமானது. வெற்றி பெற்றவர் தோற்றவருக்கு ஈடு கொடுத்த பின்னும் மிச்சம் இருக்கும் என்றால் அந்த மாற்றம் நல்லது என்று நலன்புரிப் பொருளியல் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. அங்கே "கொடுக்க முடியும்" என்பதே போதும். "கொடுத்தார்" என்பது நிபந்தனையல்ல. இந்த இடைவெளியை நான் ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை. 1970களின் நடுப்பகுதியில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 5 சதவீதமாக இருந்த உணவு மானியச் செலவு, 1980களின் நடுப்பகுதியில் ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டியதாகச் சுருங்கியது. வசதியானவர்களை விலக்கியதால் வந்த மிச்சம் அதில் ஒரு பகுதி; அதில் எனக்கு மறுப்பில்லை. மற்றப் பகுதி, முத்திரையின் பெறுமதியைப் பணவீக்கம் ஆண்டுதோறும் அரித்ததால் வந்தது. அதற்கு 1953இல் போல வரவுசெலவு உரையில் ஓர் அறிவிப்பும் தேவைப்படவில்லை, ஹர்த்தாலும் நடக்கவில்லை. மத்திய வங்கி 1978/79இலும் 1981/82இலும் நடத்திய நுகர்வோர் நிதி அளவீடுகளை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், மிக வறிய பிரிவினரின் கலோரி உட்கொள்ளல் இந்த இடைவெளியில் குறைந்திருப்பதைக் கண்டார்கள். அதே ஆண்டுகளில்தான் நீங்கள் சொன்ன நெல் விளைச்சலும் கூடியது.

முத்திரைத் தொகையை விலைச் சுட்டெண்ணோடு கட்டியிருந்தால் செலவு எவ்வளவு கூடியிருக்கும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். அந்த ஐந்து பேர் வீட்டுக்கு 1981 முடிவில் 90 ரூபாய்க்குப் பதிலாக ஏறத்தாழ 134 ரூபாய் கொடுத்திருக்க வேண்டும். அந்த 44 ரூபாயை விடைத்தாளில் நுகர்வோர் பக்கத்து இழப்பாக எழுதுங்கள்.